சின்ன வாசலுக்கு வெளியே

காலை பத்து மணி அடித்தால் ஜஹாங்கீர் கான்ஸ்டான்டிநோபிளின் சக்கரவர்த்தி. பத்தேகாலுக்கு மறுபடியும் ராயபுரத்து ஒண்டிக்கட்டை.

அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காகத்தான் மனிதர் காலையில் எழுந்து முகம் கழுவுவது என்று சொன்னால் மிகையில்லை. மனைவி அஜீசா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மகன் அமான் சவுதியில், தம்மாமில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று இரண்டு கேள்வி கேட்பான். இரண்டுக்கும் ஆமாம் சொன்னால் பேச்சு முடிந்துவிடும். பையனைக் குறை சொல்லக் கூடாது. கேட்பதற்கு மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மற்ற நாட்களில் ஜஹாங்கீருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே, மாடிப்படிக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கும் துரையிடம் "சக்கர கம்மியா" என்று சொல்வதற்குத்தான்.

பத்து மணிக்கு ஃபோன் அடிக்கும். வியாசர்பாடியிலிருந்து கிருஷ்ணப்பன்.

"இன்னா ராஜா, கோட்டை கீதா, பூட்ச்சா?"

"கீது, கீது. நீ வா, பாத்துக்கலாம்."

இப்படித்தான் தினமும் ஆரம்பிக்கும்.

இரண்டு பேரும் துறைமுகத்தில் முப்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஜஹாங்கீர் கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர், கிருஷ்ணப்பன் சிக்னல்மேன். வின்ச்சில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. கீழே நிற்பது ஆளா மூட்டையா என்றுகூடத் தெரியாது. விளிம்பில் நிற்கிற சிக்னல்மேன் விரலை அசைத்தால் இறக்க வேண்டும், கையை மூடினால் நிறுத்த வேண்டும். கை காட்டாதது நடக்கக் கூடாது. இவர்களுக்கு முந்தின ஜோடியில் ஒருவன் கை அசைவதற்கு முன்னால் தானாக ஊகித்து இறக்கினான், கீழே இருந்தவனுக்குக் கால் போயிற்று. அதற்கப்புறம் இவர்கள் இருவருக்கும் அது வேதவாக்கு. முப்பது வருஷம் ஜஹாங்கீர் கிருஷ்ணப்பனின் கையைப் பார்த்தபடியே சம்பாதித்தார். என் முகத்தை இத்தனை நேரம் பார்த்ததுண்டா என்று அஜீசா கேட்டதில் நியாயம் இருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் நவம்பரில் ஒரு துருக்கிக் கப்பல் வந்து மழையில் மாட்டிக்கொண்டது. நாலு நாள் வேலை கிடையாது. அந்தக் கப்பலின் சமையல்காரன் ஒரு தடியன், பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் காய்ந்து கிடந்தான். சமையல்கட்டு வாசலில் கரித்துண்டால் ஒரு ஊரை வரைந்து, அது எப்படி விழுந்தது என்று கையாலும் காலாலும் கதை சொன்னான். அவன் பாஷை யாருக்கும் புரியவில்லை. ஆனால் கை பாஷையில் கிருஷ்ணப்பனை மிஞ்ச ஆள் ஏது? அவர் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல, ஜஹாங்கீர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கான்ஸ்டான்டிநோபிள், ஆயிரம் வருஷத்துக்கு மேல் ராஜாக்கள் இருந்து ஆண்ட தலைநகரம். இரண்டு பக்கம் கடல், ஒரு பக்கம் மதில். ஆயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்றில், இருபத்தோரு வயசு சுல்தான் ஒருவன் கடல் மாதிரி படையைக் கொண்டுவந்து சூழ்ந்துகொண்டான். உள்ளே சண்டை போட ஏழாயிரம் பேர்தான். துறைமுகத்துக்குள் எதிரிக் கப்பல் வராமல் வாயில் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டிவிட்டார்கள். சுல்தான் அசரவில்லை. கப்பல்களைக் கரையேற்றி, கட்டைகளில் கொழுப்பைத் தடவி, மேட்டின்மேல் இழுத்துக்கொண்டு போய்ச் சங்கிலிக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டான். பெரிய பீரங்கி தினமும் மதிலை இடித்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், மதில் நகராதா? ஐம்பத்து மூன்றாம் நாள் ஊர் விழுந்தது. மதிலின் மூலையில் ஒரு சின்ன வாசலுக்குத் தாழ் போட யாரோ மறந்துபோனார்கள், அந்த வழியாகத்தான் முதல் ஆள் உள்ளே வந்தான் என்று ஒரு கதை. ராஜா தன் ராஜ அடையாளங்களைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று செத்தார். உடம்பு இன்னதென்று தெரியவில்லை.

"கப்பல மண்ணு மேல இசுக்கறதுலாம் ஒரு வித்தையா?" என்றார் கிருஷ்ணப்பன். "காசிமேட்டுல நம்ப ஆளுங்க டெய்லி பண்றானுங்க. எவனும் படம் வரைய மாட்டேன்றான்."

மழை விட்டது, கப்பல் போயிற்று, கதை இவர்களிடம் தங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஆடுவதற்கு அதிலிருந்து ஒரு ஆட்டம் கட்டினார்கள். சரக்கோடு வந்த பலகையில் ஊரை வரைந்தார்கள். மதிலுக்குப் புளியங்கொட்டை, சங்கிலிக்கு சைக்கிள் செயின், கப்பலுக்குக் கிளிஞ்சல், பீரங்கிக்கு ஒரு ஸ்பார்க் பிளக். சிப்பாய்கள் எல்லாம் இரும்பு நட்டு, ராஜா மட்டும் பித்தளை நட்டு. சுல்தான், சோடா பாட்டிலிலிருந்து எடுத்த பச்சைக் கோலி. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு காவல் நிற்க வேண்டும். காவலை எடுத்தால் குறுக்கே ஒரு தீக்குச்சியை வைக்க வேண்டும், அதுதான் தாழ். இரண்டும் இல்லாத வாசலில் சுல்தான் புகுந்தால் கோட்டை போயிற்று. வெளியே இருப்பவன் தாயக்கட்டை உருட்டி, விழுகிற எண்ணுக்கு மதிலை இடிப்பான். உள்ளே இருப்பவன் முடிந்த மட்டும் அடைப்பான். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. கோட்டை விழுகிற வரைக்கும் ஆட்டம் ஓடும், எத்தனை நாள் தாங்கியது என்பதுதான் உள்ளே இருப்பவனின் பெருமை.

முதல் நாளே தகராறு வந்தது. சுல்தான் நான்தான் என்றார் ஜஹாங்கீர். பேரைப் பார், மதத்தைப் பார், வேறு யார் இருக்க முடியும் என்பது அவர் வாதம்.

"உன் பேரே ராஜா பேரு. ராஜாவா உள்ள குந்து மாமு," என்றார் கிருஷ்ணப்பன். பிறகு கோலியை உள்ளங்கையில் உருட்டியபடி, சிரிக்காமல் சொன்னார். "எங்க ஆளுங்க எந்தக் காலத்துலயும் கோட்டைக்கு வெளியதான் நின்னுகினு இருந்தோம். ஒரு தபாவாச்சும் நான் உள்ள பூர்றேன், உடு."

ஜஹாங்கீர் விட்டுக்கொடுத்தார். அதற்கப்புறம் எத்தனையோ முறை கிருஷ்ணப்பன் உள்ளே புகுந்துவிட்டார். ஜஹாங்கீர் தாங்கியதிலேயே அதிகம் நாற்பத்தேழு நாள். ஐம்பத்து மூன்றைத் தொட்டதே கிடையாது.

இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனார்கள். போன வருஷம் கிருஷ்ணப்பனுக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. மூன்றாவது மாடி வீடு, படி இறங்க முடியாமல் ஆயிற்று, அப்புறம் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வந்தது. ஜஹாங்கீர் போய்ப் பார்த்தார். அந்தக் குழாயைக் கண்டதும் அஜீசாவின் கடைசிப் பதினோரு நாள் கண்முன் வந்து நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவர், இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். திரும்பிப் போனபோது கிருஷ்ணப்பன் அவர் கண்ணைப் பார்த்தார்.

"நீ இனிமே படியேறி வராத மாமு. உன் முட்டி தாங்காது. ஆளுக்கொரு பலகைய வெச்சிக்கலாம், ஃபோன்ல ஆடலாம்."

ஜஹாங்கீரின் முட்டி அன்றைக்கும் நன்றாக இருந்தது, இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. கிருஷ்ணப்பனுக்கும் அது தெரியும். கொடுத்த சாக்கை இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

ஃபோனில் ஆடுவதற்குப் பழைய தொழில் விதியையே எடுத்துக்கொண்டார்கள். கை காட்ட முடியாது, அதனால் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதை அடுத்தவர் தன் பலகையில் செய்துகொள்வார். சொல்லாதது நடக்கவில்லை என்று அர்த்தம். ஒருவர் காயை இன்னொருவர் தானாக நகர்த்தக் கூடாது. எதிரி மறந்ததை எடுத்துச் சொல்லவும் கூடாது.

கிருஷ்ணப்பன் இன்னொன்றும் சொன்னார். "இதான் கடைசி ஆட்டம். கோட்டை விழுந்துச்சுனா அத்தோட மூட்டை கட்டிடலாம். தம் பத்தல மாமு."

ஜஹாங்கீர் சரி என்றார். ஃபோனை வைத்த பிறகுதான் அதன் பொருள் மண்டையில் ஏறியது. கோட்டை நிற்கிற வரைக்கும் பத்து மணிக்கு ஃபோன் வரும். கோட்டை விழுந்தால் வெள்ளிக்கிழமை இரண்டு கேள்வியும் துரையின் டீயும்தான் மிச்சம். இதற்கு முன்னால் எத்தனையோ முறை அந்த ஊரை அவர் தோற்றிருக்கிறார். இந்த முறை தோற்கக் கூடாது என்று முடிவுகட்டிக்கொண்டார்.

அஜீசாவின் தையல் மிஷின் மேஜைமேல் பலகை இருந்தது. நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து யோசித்தார். துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள் தெருமுனையில் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும், புளியங்கொட்டைகள் மேஜையில் அதிரும், இவர் ஒவ்வொன்றாக நேராக்குவார். பதினெட்டாம் நாள் கிருஷ்ணப்பன் கப்பல்களை மேட்டில் ஏற்றி இறக்கினார். இவர் சமாளித்தார். முப்பதாம் நாள் வடக்கு மதில் பாதி போயிற்று. அதையும் சமாளித்தார். இப்படியே நாற்பது நாள் ஆயிற்று.

நாற்பத்தோராம் நாள் பீரங்கி நடு மதிலில் பெரிய ஓட்டையே போட்டது. தாயக்கட்டையில் பன்னிரண்டு விழுந்ததாகச் சொல்லும்போது கிருஷ்ணப்பனின் குரலில் பழைய திமிர் இருந்தது. ஜஹாங்கீருக்கு ஆள் பற்றவில்லை. எங்கிருந்து எடுப்பது என்று பார்த்தார். மதிலின் வடமூலையில் சின்ன வாசல் இருந்தது, அதில் இரண்டு காவல்.

"சின்ன வாசல் காவல் ரெண்டு பேத்தயும் எடுத்து ஓட்டைல நிறுத்தறேன்," என்று சொல்லிக்கொண்டே நட்டுகளை நகர்த்தினார். தீக்குச்சியை எடுத்து வாசலுக்குக் குறுக்கே வைத்தார். தாழ் போட்டதைச் சொல்ல வாயைத் திறந்த நேரம், அந்தப் பக்கம் இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை. ஃபோன் கீழே விழுந்தது, மகள் மதி "அப்பா, அப்பா" என்று பதறுவது கேட்டது. ஜஹாங்கீர் பயந்துபோய் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பலகையைப் பார்க்காமல் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு ஃபோன் அடித்தபோது அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இன்னா நைனா, எப்டி கீற?"

"கீறேன். நேத்து நீ சொல்லிகினு இருந்தியே, அவ்ளோதானா? வேற எதுனா சொல்லணுமா?"

"வேற இன்னா, ஒண்ணியும் இல்ல."

கிருஷ்ணப்பன் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, சுல்தான் கூடாரத்தை வடமூலைக்கு மாற்றுகிறார், நடுவில் வெயில் தாங்கவில்லை என்றார். ஜஹாங்கீர் சிரித்துக்கொண்டே பச்சைக் கோலியை மூலையில் கொண்டுபோய் வைத்தார்.

அன்றிலிருந்து முற்றுகையில் சுரத்து குறைந்துபோயிற்று. பீரங்கிக்கு மருந்து நமத்துப்போச்சு என்பார் ஒரு நாள். கப்பல்காரனுக்குக் காய்ச்சல் என்பார் மறுநாள். சுல்தான் இன்னிக்கு லீவு, கூடாரத்துல குந்தி பிரியாணி துன்றாரு என்பார். ஜஹாங்கீர் இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு மதிலை முழுசாகக் கட்டி எழுப்பிவிட்டார். எதிரி களைத்துவிட்டான், நம் கெட்டிக்காரத்தனம் பலித்துவிட்டது என்று நினைத்தார். ஆட்டம் முடிந்ததும் ஊர்க்கதை பேசுவார்கள். கடைசியில் மறக்காமல் கிருஷ்ணப்பன் அதே கேள்வியைக் கேட்பார்.

"வேற எதுனா சொல்லணுமா மாமு?"

"ஒண்ணியும் இல்ல நைனா."

சொல்வதற்கா இல்லை? ராத்திரி தூக்கம் வருவதில்லை, மீன் வாங்கினால் பாதியைப் பூனைக்குப் போடவேண்டியிருக்கிறது, சில நாள் ரேடியோவுக்குப் பதில் சொல்கிறேன் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். மூச்சுக்குத் திண்டாடுகிறவனிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்.

ஐம்பத்து மூன்றாம் நாள் தாண்டியது. ஐம்பத்து நாலாம் நாள் காலை, ஜஹாங்கீர் துரையின் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், கான்ஸ்டான்டிநோபிள் விழவில்லை என்றார். பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள். டீயை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சரித்திரத்தையே மாத்திட்ட மாமு," என்றார் கிருஷ்ணப்பன் ஃபோனில். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கி, மறுபடி சிரிப்பாயிற்று. "பெரிய ராஜாதான் நீ."

அறுபத்தோராம் நாள் அவர் பேசியது மிகக் கொஞ்சம். சுல்தான் நகரவில்லை என்றார். வேற எதுனா சொல்லணுமா என்றார். ஜஹாங்கீர் வழக்கம்போல ஒன்றும் இல்லை என்றார்.

அறுபத்திரண்டாம் நாள் பத்து மணிக்கு ஃபோன் அடிக்கவில்லை. பத்தேகால் ஆயிற்று. பத்தே முக்காலுக்கு அடித்தது. மதியின் குரல்.

மூலக்கொத்தளம் மயானத்துக்குக் கூட்டம் நிறைய வந்திருந்தது. பறையும் பாட்டுமாகக் கொண்டுபோனார்கள். ஜஹாங்கீர் கூடவே நடந்தார், முட்டி ஒரு இடத்திலும் மக்கர் செய்யவில்லை. ஒரு கைப்பிடி மண் போட்டார். அழுதார். ஆனால் அழுகைக்கு நடுவில், சொல்லவே வெட்கமான ஒரு நினைப்பும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்தொரு நாள். அந்த ஊர் ராஜாவால் முடியாததை இந்த ஜஹாங்கீர் முடித்தான். கடைசிவரை கோட்டை விழவில்லை. திரும்பி வந்து துரையிடம் அதைச் சொல்லவும் சொன்னார். துரை டீயை நீட்டினார்.

அதற்கப்புறம் வந்த பத்து மணிகளை எப்படிக் கழித்தார் என்று கேட்காதீர்கள். ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடற்கரை ரோட்டில் எண்ணூர் பக்கமாக நடப்பார். கல் கொட்டிய கரையில் அலை வந்து மோதுவதைப் பார்ப்பார். பத்தேகால் ஆனதும் திரும்பிவிடுவார்.

பதினாறாம் நாள் படத்திறப்பு வைத்தார்கள். புத்தர் படத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணப்பன் படம், மெழுகுவர்த்தி, கொஞ்சம் பேச்சு, சாப்பாடு. ஆட்கள் கலைந்தபின் மதி ஜஹாங்கீரை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். அவள் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மாலை ஷிப்ட் வேலை பார்ப்பவள். கடைசி ஒரு மாசம் அப்பாவுக்குக் கை நடுங்கியதால் பலகையில் காய்களை நகர்த்தியது அவள்தான்.

"இத்த இன்னா பண்றதுன்னு தெரில மாமா. உங்களைக் கேக்காம கலைக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்."

கட்டிலை ஒட்டின ஸ்டூலில் பலகை இருந்தது. மேலே துப்பட்டா போட்டு மூடியிருந்தாள். எடுத்தாள். ஜஹாங்கீர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மதில் அப்படியே இருந்தது. சங்கிலி இருந்தது. பித்தளை நட்டு நடு ஊரில் மிடுக்காக நின்றது. வடமூலையில் பச்சைக் கோலி.

அவர் விரல் அந்த மூலைக்குப் போய் நின்றது.

"இங்க குச்சி எங்கம்மா?"

"எந்தக் குச்சி?"

"சின்ன வாசல்ல. தாழு. தொடைக்கறப்ப எடுத்துட்டியா?"

"நான் எதுவும் எடுக்கல மாமா. அங்க குச்சியே கெடையாது. காவல் ரெண்டு பேத்த எடுக்கறேன்னு சொன்னீங்க. தாழு போட்டேன்னு சொல்லல. அன்னிக்குத்தான் அப்பாவுக்கு இருமல் வந்து ஃபோன் விழுந்துச்சு."

"நான் போட்டனே. எம் பலகைல போட்டனே."

"சொல்லலியே மாமா," என்றாள் மதி மெதுவாக. "சொல்லாதது நடக்கலன்னு அப்பா சொல்வாரு. அதுக்குத்தான் டெய்லி கேட்டாரு, வேற எதுனா சொல்லணுமா, வேற எதுனா சொல்லணுமான்னு. நீங்க ஒண்ணியும் இல்லன்னுட்டீங்க."

ஜஹாங்கீர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தோராம் நாளிலிருந்து அறுபத்தோராம் நாள் வரை, இருபது நாள் அந்த வாசல் திறந்து கிடந்திருக்கிறது. அதற்கு நேர் எதிரே கூடாரத்தைப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அவன் பாக்கலியா?"

"மொத நாளே பாத்துட்டாரு. நான்கூட கேட்டேன், இன்னாப்பா, வாசல் தெறந்து கீது, பூந்துட வேண்டியதுதானேன்னு." மதி துப்பட்டாவை மடித்தாள், மறுபடி பிரித்தாள். "பூந்துட்டா ஆட்டம் முடிஞ்சிடும், அப்பால நாளைக்கு பத்து மணிக்கு அவன் இன்னா பண்ணுவான்னாரு."

ஜஹாங்கீருக்கு முதலில் வந்தது கோபம். இவன் யார் எனக்குப் பிச்சை போட? டீக்கடையில் நின்று பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்து காது சுட்டது. அப்புறம் கோபம் போய்விட்டது, அது போன இடத்தில் பழைய கிருஷ்ணப்பன் கோலியை உருட்டிக்கொண்டு நின்றார். எந்தக் காலத்துலயும் கோட்டைக்கு வெளியதான் நின்னுகினு இருந்தோம். ஒரு தபாவாச்சும் உள்ளே புக வேண்டும் என்று ஆசைப்பட்டவன், கடைசி ஆட்டத்தில் திறந்த வாசலுக்கு வெளியே இருபது நாள் உட்கார்ந்திருந்தான். மூச்சு இழுத்துக்கொண்டு, கூடாரத்துல பிரியாணி துன்றேன் என்று பொய் சொல்லிக்கொண்டு. இத்தனை நாளும் இவர், கோட்டையைத் தன் கெட்டிக்காரத்தனம்தான் காத்தது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"பலகைய எடுத்துனு போறீங்களா மாமா?"

"வேணாம்மா. எங்கிட்ட ஒண்ணு கீது."

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். சாப்பிடவில்லை. அந்த மேஜைப் பக்கம் போகவும் இல்லை.

மறுநாள் காலை முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, பத்து மணிக்குப் பலகை முன்னால் வந்து உட்கார்ந்தார். சின்ன வாசலின் குறுக்கே தீக்குச்சி கிடந்தது. அவர் போட்ட தாழ், ஒருவரிடமும் சொல்லாத தாழ். அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

"சின்ன வாசல்ல காவல் இல்ல," என்றார் வாய்விட்டு. "தாழும் போடல. மறந்துட்டேன்."

தெருவில் லாரி ஹாரன் அடித்தது. ஓயட்டும் என்று காத்திருந்தார்.

"வேற ஒண்ணு சொல்லணும் நைனா. நீ கேட்டப்ப சொல்லல. எனக்கு இங்க பேச ஆளே இல்ல. பயமா கீது."

சொல்லிவிட்டு எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம், கண் தானாக ஒரு கையைத் தேடியது. விரல் அசைந்தால் இறக்கலாம், மூடினால் நிறுத்தலாம். ஒரு கையும் இல்லை. அடுத்தவன் காயைத் தொடக் கூடாது. சிக்னல் இல்லாமல் எதுவும் நகரக் கூடாது.

வின்ச் ஓட்டின ஜஹாங்கீர் வாழ்க்கையில் முதல் தடவையாக சிக்னல் இல்லாமல் கையை நகர்த்தினார். பச்சைக் கோலியின் பின்னால் ஒரு விரலை வைத்தார்.

"உள்ள வா நைனா," என்று சொல்லித் தள்ளினார்.

கோலி சின்ன வாசலைத் தாண்டி, காலித் தெருக்கள் வழியாக உருண்டுபோய், பித்தளை நட்டில் இடித்து நின்றது. ராஜா சாய்ந்து விழுந்தார். ஜஹாங்கீர் அவரை எடுத்து நிமிர்த்தவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஏழு. பத்தேகாலுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.